வெளுத்துப்போன மரம் விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் நலமாகவே இருப்பீர்கள். உங்கள் அப்பாவுக்கு முதுகுவலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் விசாரித்ததாகச் சொல்லவும். மகளுக்குச் சளி என்று கேள்விப்பட்டேன், வெந்நீர் குடிக்கச் சொல்லவும். சுமுகமாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இனிமேல் வருவதைக் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

இதை டெலிபோனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் அத்தைதான், "வேண்டாங்க, போன்ல பேசினா நீங்க கத்துவீங்க. அவர் நம்ம வீட்டு மாப்பிள்ளை. எழுதிப் போடுங்க, எழுத்துல கத்த முடியாது" என்றாள். முடியுமா முடியாதா என்று நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள். மாப்பிள்ளை என்ற மரியாதைக்காகச் சில இடங்களில் எழுதியதை நானே அடித்திருக்கிறேன். அடித்த இடங்களைத் தூக்கிப் பிடித்து என்ன எழுதியிருந்தேன் என்று பார்க்க வேண்டாம், மனஸ்தாபம்தான் மிச்சமாகும்.

எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிற மரத்தை வெட்டியே தீருவது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கிளம்பியிருக்கிறார் அல்லவா, அதில்தான் எல்லாம் ஆரம்பம். எடுத்ததற்கெல்லாம் சுற்றறிக்கை விடுவதால் எங்கள் கட்டடத்தில் அவருக்குச் சுற்றறிக்கையார் என்றே பெயர். படிக்கட்டில் செருப்பு கிடந்தால் ஒரு சுற்றறிக்கை, மொட்டைமாடியில் போர்வை காயப்போட்டால் ஒரு சுற்றறிக்கை. மனிதர் இரண்டாவதாக ஒரு கார் வாங்கியிருக்கிறார். அதை நிறுத்த இடம் வேண்டும். மரம் நிற்கிற இடம் அந்தக் காருக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நானும் நேருக்கு நேர் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். அவரோ, மரம் உள்ளுக்குள் பட்டுப்போய்விட்டது, இலை பச்சையாக இருப்பதெல்லாம் வெறும் கண்துடைப்பு, எந்த நேரமும் யார் தலையிலாவது விழலாம் என்று சுற்றறிக்கை எண் நாற்பத்தேழு விட்டார். காய்ந்த கிளை ஒன்று விழுந்தது உண்மைதான். ஒரு பல் விழுந்ததற்காக ஆளையே தூக்கிக்கொண்டு போவார்களா?

உங்கள் அத்தை படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இந்த மாதத்தோடு எட்டு மாதம். ஜன்னலோரக் கட்டில்தான் அவளுக்கு வீடு, வாசல், தெரு எல்லாம். அந்த மரத்துக்கு அவள் 'நம்மாளு' என்று பெயர் வைத்திருக்கிறாள். "நம்மாளு இன்னைக்கு ஒரு ஆட்டம் ஆடுறார் பாருங்க, மழை வரும்" என்பாள். மரம் போய்விட்டால் அந்த ஜன்னலில் மிஞ்சப்போவது எதிர்க்கட்டடத்தின் முதுகும் அதில் இறங்குகிற நான்கு கழிவுநீர்க் குழாய்களும்தான். எனக்கு மரம் என்றால் மரம், அவ்வளவுதான். ஆனால் இந்த எட்டு மாதம் அவள் அழாமல் இருந்ததற்கு என்னைவிட அந்த மரம்தான் காரணம் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

நான் முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன். கடைக்காரர் பெற்ற பிள்ளை மீது சத்தியம் செய்தாலும், எடைக்கல்லைத் தட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் முத்திரை குத்துவேன். செயலாளர் மரம் செத்துவிட்டது என்கிறார், நான் உயிரோடு இருக்கிறது என்கிறேன்; இதை எந்தத் தராசில் நிறுத்துக் காட்டுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான், போன தடவை வந்திருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம்கூடக் காயாமல் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "அகச்சிவப்பு ஃபிலிம் போட்டு எடுத்தா தெரிஞ்சிடும் மாமா. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த அது பிடிக்கும். உயிருள்ள இலை வெள்ளையா ஜொலிக்கும். சீக்கு வந்ததும் காஞ்சதும் கறுத்துப் போயிடும். அந்த ஃபிலிம் பொய்யே சொல்லாது." பொய்யே சொல்லாத ஒரு பொருள் இந்த உலகத்தில் கடையில் கிடைக்கிறது என்று கேட்டதும் நான் உருகிப் போய்விட்டேன். மாமனாரின் பலவீனம் எது என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் பேசினீர்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஊருக்குப் போனதும் போன் செய்தீர்கள். "ரெண்டு வகை இருக்கு மாமா. ஒண்ணு, சிவப்புக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் வரைக்கும் பார்க்கும். நிழல்ல நின்னு மாட்டிக்கலாம், தொந்தரவில்லாத ஃபிலிம். இன்னொண்ணு, முழுசாவே உள்ள போய்ப் பார்க்கும். ஆனா கொஞ்சம் கோபக்கார ஃபிலிம். எது வேணும்?" ஒரு குன்றிமணி எடை குறைந்தாலும் முத்திரை தராதவனிடம் போய், அரையாகப் பார்ப்பது வேண்டுமா முழுதாகப் பார்ப்பது வேண்டுமா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? "முழுசு" என்றேன். மறுமுனையில் நீங்கள் ஒரு நொடி பேசாமல் இருந்தீர்கள். அந்த ஒரு நொடியில் என்னைத் தடுத்திருக்க வேண்டாமா? வயதானவர் ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்று எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுவதா? கொஞ்சம் கோபம் என்றீர்கள். நானும் கோபக்காரன்தான், என்னோடு உங்கள் அத்தை நாற்பது வருடம் குடித்தனம் நடத்திவிட்டாள். அந்த ஃபிலிமோடு ஒரு மாதம் காலம் தள்ள முடியாது.

பார்சலில் மூன்று ரோல் வந்தது, கூடவே உங்கள் கைப்பட அரைத்தாள். அதில் ஐந்து வரி. ஃப்ரிட்ஜில் வைக்கவும், நல்ல வெயிலில் எடுக்கவும், கறுப்பு ஃபில்டரை மாட்டவும், மீட்டரை நம்ப வேண்டாம், அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும். ஐந்தாவது வரியை உடனே நிறைவேற்றிவிட்டு, முதல் ரோலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஜன்னலை நன்றாகத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, டப்பாவைத் திறந்தேன். உங்கள் அத்தை பார்க்க வேண்டும் என்று அவளிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சாதாரண ஃபிலிம் மாதிரிதாங்க இருக்கு" என்றாள். கேமராவில் மாட்டி முப்பத்தாறு படமும் எடுத்து, தெருமுனை ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தேன். மறுநாள் அவர் நெகட்டிவைத் தூக்கிக் காட்டினார். தலையிலிருந்து வால்வரை புதிதாகப் போட்ட தார் ரோடு. "சார், இதுல படம் இல்ல. அத்தனையும் வெளிச்சம் குடிச்சிருக்கு. எங்க வச்சுத் தொறந்தீங்க?" என்றார். சாப்பாட்டு மேஜையைப் பற்றி மூச்சுவிடாமல் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை அந்த அரைத்தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்பக்கத்தில் ஆறாவது வரி! முழு இருட்டில் மட்டுமே டப்பாவைத் திறக்கவும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஃபிலிம் நாக்கு வழியாகவே வெளிச்சம் உள்ளே ஓடிவிடும் என்று எழுதியிருக்கிறது. மாப்பிள்ளை, உயிர்நாடியான வரியைப் பின்பக்கத்தில் எழுதிவிட்டு, அத்தையை விசாரித்ததை முன்பக்கத்தில் எழுதுகிற மனிதரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். 'மறுபக்கம் பார்க்க' என்று அடியில் எழுதாமல் ஒரு தாள்கூட என் மேஜையைத் தாண்டியதில்லை. இங்கே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன்.

இரண்டாவது ரோலுக்கு வருகிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உங்களுக்கு போன் செய்தேன், இந்தத் தடவை எதையும் விட்டுவிடக் கூடாது என்று. "உடனே தொறந்துடாதீங்க மாமா, உள்ள வேர்த்துடும். மூணு மணி நேரம் அப்படியே வெளிய வச்சிருங்க" என்றீர்கள். மூன்று மணி நேரம் அந்த டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். டப்பா அறைச் சூட்டுக்கு வந்தபோது வெயில் போய்விட்டது. திரும்ப ஃப்ரிட்ஜ். மறுநாள் காலையிலேயே எடுத்து வைத்தேன், மேகம் வந்துவிட்டது. திரும்ப ஃப்ரிட்ஜ். நான்காம் நாள்தான் வெயிலும் டப்பாவும் ஒரே நேரத்தில் தயாரானார்கள். எங்கள் வீட்டில் முழு இருட்டுக்கு என்று ஒரு அறை கிடையாது, குளியலறைதான் உண்டு. காற்றுப்போக்கியைப் போர்வையால் அடைத்து, கதவிடுக்கில் துண்டுகளைத் திணித்து, விளக்கை அணைத்து, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, மடியில் கேமராவை வைத்துத் தடவித் தடவி மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே காலை பத்து மணி, உள்ளே எனக்கு என் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அந்த நேரம் பார்த்துச் சுற்றறிக்கையார் எண் நாற்பத்தெட்டை எடுத்துக்கொண்டு வருகிறார். உங்கள் அத்தையால் எழுந்து வர முடியாது. கட்டிலில் இருந்தபடியே, "உள்ள ஃபிலிம் மாட்டிக்கிட்டிருக்கார்" என்றிருக்கிறாள்.

"பாத்ரூம்லயா?"

"ஆமா. அரை மணி நேரமா."

அவர் நேராகக் கதவருகே வந்து, "சார், நல்லா இருக்கீங்களா சார்?" என்றார்.

"நல்லா இருக்கேன். கதவத் தொறந்துடாதீங்க!"

"உள்ள ஒரே இருட்டா இருக்கே சார்."

"இருட்டாத்தான் இருக்கணும். போங்க!"

"வயசான காலத்துல இருட்டுல வழுக்கி விழுந்துடுவீங்க சார். வீட்டுல ஏற்கெனவே ஒருத்தங்க விழுந்தது போதாதா?" என்று சொல்லிக்கொண்டே, உபகாரமாக, வெளிச்சுவரில் இருக்கிற சுவிட்சைப் போட்டுவிட்டார். குளியலறைக்கு உள்ளே எரிகிற விளக்குக்கு வெளியே சுவிட்சு வைத்தவன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும். நல்லவேளையாக அதே நொடியில்தான் கேமராவின் பின்கதவை நான் மூடியிருந்தேன். அப்படியும் பதறிப்போய்க் கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்ததில் வாளி சறுக்கி, குழாய் திறந்துகொண்டு, தலையிலிருந்து கால்வரை நனைந்து வெளியே வந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கிளம்பினார். மறுநாள் எண் நாற்பத்தொன்பது வந்தது, குளியலறைகளில் நெடுநேரம் தங்கித் தண்ணீரை வீணாக்குவோர் கவனத்துக்கு.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய ரோலில் என்ன வந்தது தெரியுமா? எல்லாப் படத்திலும் அடிப்பாதி முழுக்கப் புகைமூட்டம். அடிமரத்தையே காணோம், அந்தரத்தில் இரண்டு கிளை தொங்குகிறது. ஸ்டூடியோக்காரர் என் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "சார், இந்த ஆட்டோமேடிக் கேமராவுக்குள்ளயே ஒரு குட்டி விளக்கு இருக்கு. ஃபிலிம் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு எண்ணுறதுக்கு. அந்த விளக்கும் அகச்சிவப்புதான். சாதா ஃபிலிம் அதைக் கண்டுக்காது. இது கண்டுக்கிச்சு." இந்தக் கேமரா யார் கொடுத்தது மாப்பிள்ளை? நான் ஓய்வு பெற்றபோது பட்டுக்காகிதம் சுற்றி நீங்கள் கொடுத்தது! கேமராவையும் நீங்களே கொடுத்தீர்கள், ஃபிலிமையும் நீங்களே கொடுத்தீர்கள், இரண்டுக்கும் ஒத்துவராது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டீர்கள். என் மகளை உங்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்தில் நான்கு பேரைப் பிடித்து விசாரித்தேன். ஒரு கேமராவுக்குள் ஒரு ஃபிலிமை அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா?

மூன்றாவது ரோலுக்கு ஸ்டூடியோக்காரர் தன்னுடைய கையால் சுற்றுகிற பழைய கேமராவை இரவல் தந்தார். அவர் நல்ல மனிதர், ஆனால் அவர் சொன்ன விவரங்களைக் கேட்டு என் ரத்தம் கொதித்தது. கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டுமாம். செய்த பிறகு, லென்ஸில் இருக்கிற குட்டிச் சிவப்புப் புள்ளிக்கு நகர்த்தி வேண்டுமென்றே தப்பாக வைக்க வேண்டுமாம். அந்த வெளிச்சம் வேறு இடத்தில் போய்த்தான் கூடுமாம். தராசில் முள்ளைச் சரியாக நிறுத்திவிட்டுப் பிறகு கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டுகிற வியாபாரிகளை நான் கோர்ட்டுவரை இழுத்திருக்கிறேன். இப்போது அதையே என் கையால் செய்தேன். அடுத்தது மீட்டர். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத்தான் மீட்டர் அளக்கும், இதை அளக்காது. அப்படியானால் எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று கேட்டேன். "ஒரு குத்துமதிப்பா வைங்க சார். அதுலருந்து கூட்டியும் குறைச்சும் அஞ்சாறு எடுங்க, ஏதாவது ஒண்ணு அமையும்" என்றார். குத்துமதிப்பு! அந்த ஒரு வார்த்தையை ஒழிப்பதற்காகத்தான் அரசாங்கம் எனக்கு முப்பத்தொரு வருடம் சம்பளம் கொடுத்தது.

அதற்கும் மேலே அந்தக் கறுப்பு ஃபில்டர். அதை லென்ஸில் மாட்டினால் கேமராவுக்குள் ஒன்றுமே தெரியாது. ஸ்டாண்டில் நிறுத்தி, பார்க்க வேண்டியதையெல்லாம் முதலிலேயே பார்த்துவிட்டு, பிறகு கண்ணைக் கட்டிவிட்டு எடுக்க வேண்டும். நல்ல உச்சிவெயிலில் மரத்துக்கு எதிரே ஸ்டாண்டை நிறுத்தி, புள்ளிக்கு நகர்த்தி, ஃபில்டரையும் மாட்டிவிட்டேன். அப்போதுதான் சுற்றறிக்கையார் வந்து, மரத்தடியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எடுங்க சார், நல்லா எடுங்க. கடைசியா ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்று நின்றார். தள்ளிப் போங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். "பொது இடம் சார்" என்றார். ஃபில்டரைக் கழற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மேற்கே மேகம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. அவர் படத்துக்குள் இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்றே தெரியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு குத்துமதிப்பாக முப்பத்தாறும் எடுத்தேன்.

முப்பத்தைந்து வீண். ஒன்று மட்டும், மாப்பிள்ளை, உண்மையைச் சொல்ல வேண்டும், வந்திருந்தது. வானம் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவில் மரம் ஒவ்வொரு இலையாக வெள்ளை வெளேரென்று எரிகிறது. ஒரே ஒரு கிழக்குக் கிளை மட்டும் கறுத்திருக்கிறது. அது காய்ந்த கிளை. மற்றது அத்தனையும் உயிர். ஓரத்தில் சுற்றறிக்கையாரும் இருந்தார். அவரைக் கத்தரித்துவிடச் சொன்னேன், கத்தரித்தால் ஒரு நல்ல கிளையும் போகும் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னதால் விட்டுவிட்டேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டு உங்கள் அத்தையிடம் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நம்மாளுக்கு உள்ள இவ்வளவு இருக்கா?" என்றாள். உங்களை அந்த ஒரு நிமிடம் நான் மனதார வாழ்த்தினேன். அந்த வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஏனென்றால் நேற்றுச் சாயங்காலம் கூட்டம். என்னையும் சேர்த்துப் பதினோரு வீட்டுக்காரர்கள், அட்டையில் ஒட்டிய படம் என் கையில். எழுந்து நின்று, வெள்ளை என்றால் உயிர், கறுப்பு என்றால் சாவு, இது விஞ்ஞானம் என்று தெளிவாகச் சொன்னேன். படம் கை மாறிக் கை மாறிப் போனது. எல்லோருடைய முகமும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முகம் மாதிரி ஆயிற்று. "ஐயோ பாவம், இப்படி வெளுத்துப் போச்சே" என்றார் இரண்டாம் மாடித் தையல்காரர்.

"அதான் உயிர்! வெள்ளையா இருக்கறதுதான் உயிர்!" என்றேன்.

"சாம்பல் பூத்த மாதிரி இருக்கே சார்."

"அது பச்சை இலைங்க. பச்சை இதுல வெள்ளையாத்தான் தெரியும்."

பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் இருக்கிறார், அவராவது புரிந்துகொள்வார் என்று நம்பினேன். அவர் கையைத் தூக்கி, "பச்சை இலை வெள்ளையா தெரியும்னா, செத்த இலை பச்சையா தெரியுமா சார்?" என்று கேட்டார். இது கறுப்பு வெள்ளைப் படம் அம்மா, இதில் பச்சையே கிடையாது என்றேன். "பச்சையே கிடையாதுன்னு சாரே சொல்லிட்டார்" என்று சுற்றறிக்கையார் எழுந்தார். "நான் சொன்னா கார் நிறுத்தறதுக்காகச் சொல்றேன்னு பேசுவாங்க. இப்ப சாரே தன் கைக்காசைப் போட்டுப் படம் பிடிச்சுக் காட்டிட்டார். உச்சியிலருந்து அடிவரைக்கும் வெளுத்து நிக்குது. வானம்கூட இருண்டு கெடக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" வெட்ட வேண்டும் என்று ஒன்பது கை. வேண்டாம் என்று இரண்டு, அதில் ஒன்று என்னுடையது, இன்னொன்று சோம்பல் முறித்த தையல்காரருடையது. வருகிற வெள்ளிக்கிழமை மரம் வெட்ட ஆள் வருகிறது. படத்தையும் அவரே, கூட்டக் குறிப்போடு இணைக்க வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அத்தை, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்றேன். நாற்பது வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது, அதைச் சொல்லவைத்தது உங்கள் பொய்யே சொல்லாத ஃபிலிம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆகையால் மாப்பிள்ளை அவர்களே, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் என்றீர்கள், காட்டிற்று. காட்டியதைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆத்மாகூட எங்கள் கட்டடத்தில் இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் வியாழக்கிழமைக்குள் லீவு போட்டுவிட்டு நேரில் வந்து, மற்றப் பத்துப் பேருக்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும். முடியாது என்றால் இந்தக் கடிதத்தோடு வருகிற கேமராவைப் பெற்றுக்கொண்டு, இனி இந்த ஜென்மத்தில் என்னிடம் ஃபிலிம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. பேரனுக்கும் கேமரா வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தலைமுறையாவது பார்த்ததை நம்பி வாழட்டும்.

எவ்வளவு கோபம் இருந்தாலும் ஆசீர்வாதத்தில் எடை குறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நீங்களும் மகளும் பேரனும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க என் முழு ஆசீர்வாதம், சம்பந்தி வீட்டார் அனைவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையையே விரும்பும்
மாமனார்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை சுற்றறிக்கையார் வந்தார், கையில் அந்தப் படம், பின்னால் அவர் மனைவி. நான் சண்டைக்குத் தயாராக எழுந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "சார், இது நான்தானா?" என்றார். படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். அந்த ஃபிலிம் மனிதத் தோலை என்ன செய்கிறது என்று நீங்கள் எனக்கு எழுதவே இல்லை. கன்னத்துக் கரும்புள்ளி இல்லை, நெற்றியில் ஒரு கோடு இல்லை, பால் முகம். ஐம்பத்தெட்டு வயது ஆள் முப்பதுபோல் நிற்கிறார். "கல்யாணத்தன்னைக்கே இவர் இப்படி இல்லீங்க" என்றார் அவர் மனைவி, கண் கலங்க. "என்னையும் இதே மாதிரி எடுத்துக் குடுங்க. இதே மரத்தடியில, பின்னாடி வெள்ளையா இதே மாதிரி தெரியணும்." மத்தியானத்துக்குள் டீச்சர் வந்தார், தையல்காரர் குடும்பத்தோடு வந்தார், நேற்று கை தூக்கிய ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். சாயங்காலம் சுற்றறிக்கை எண் ஐம்பது: குடியிருப்போர் அனைவரும் மரத்தடியில் திருப்தியாகப் படம் எடுத்து முடிக்கும்வரை மரம் வெட்டும் பணி ஒத்திவைக்கப்படுகிறது.

உங்கள் அத்தையிடம் ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் இடுப்பு வலி வந்து மாத்திரை போட வேண்டியதாயிற்று. சிரித்து முடித்துவிட்டு, "திருப்தியாகுற வரைக்கும்னுதானே போட்டிருக்கு? அப்ப ஒருத்தருக்கும் சீக்கிரமா நல்லா வந்துடாமப் பார்த்துக்கோங்க" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் எழுதாததாகவே கொள்ளவும். கேமராவை அனுப்பவில்லை. அதே கோபக்கார ஃபிலிமாகவே முடிந்த அளவு ரோல் அனுப்பி வைக்கவும். முப்பத்தொரு வருடத்தில் ஒருவருக்கும் எடை குறைத்துக் கொடுத்திராதவன், இந்த வயதில் மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பிக்கப் போகிறேன். ஆனால் இந்த ஃபிலிமைக் கெடுக்க எனக்கு நாலைந்து வழிதான் தெரியும், அவை இந்த வருடத்துக்கே போதாது. உங்களுக்குத் தெரிந்த மற்ற வழிகள் அத்தனையையும் உடனே விவரமாக எழுதவும்.